காரணம் தெரியாத நொண்டல்: குதிரை வைத்திருப்பவர் எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும்

குதிரை நொண்டுகிறது. வீக்கமில்லை, காயமில்லை, ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, மருந்துப் பெட்டியில் இருக்கும் பியூட் என்ற வலிநிவாரணியைக் கலந்து கொடுப்பது. மற்றது, "ரெண்டு வாரம் நிக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று மேய்ச்சலில் விட்டுவிடுவது. சில சமயம் இரண்டுமே சரியான முடிவுதான். ஆனால் வலி எங்கே என்று தேடுவதற்கு முன்பே செய்தால் தேடுவதற்கான தடயமே அழிந்துபோகும். "காரணம் தெரியவில்லை" என்று சொல்லப்படுகிற நொண்டல்கள் பலவற்றில் உண்மையில் தெரியாமல் இருப்பது இடம்தான். இடம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் தானே வெளிவரும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசை: முதலில் ஆபத்தா என்று பார், பிறகு எந்தக் கால், பிறகு அந்தக் காலில் எந்த இடம், அதற்குப் பிறகுதான் என்ன நோய், என்ன மருந்து.

எழுதுவது தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில் குதிரை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து. டர்பன், வெருலம், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் நம்மவர் வைத்திருக்கும் சவாரிக் குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட்கள். அவற்றின் கால்களில் பழைய கணக்குகள் இருக்கும். நம் மழை, நம் புல், நம் உண்ணி மூன்றும் நொண்டலில் பங்கெடுக்கும். வெளிநாட்டுக் கையேடுகளில் இவை கடைசிப் பக்கத்தில் இருக்கும். இங்கே முன்னுக்கு வரவேண்டியவை.

முதல் பத்து நிமிடம்: இது காத்திருக்கக்கூடியதா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு நடக்கவிட்டுச் சோதிக்காதீர்கள். மருத்துவரை உடனே அழையுங்கள்.

- கால் தரையில் பதியவே இல்லை, அல்லது குளம்பின் நுனி மட்டும் தொடுகிறது. சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம், எலும்பு முறிவாகவும் இருக்கலாம். பார்வையால் பிரிக்க முடியாது.
- மூட்டுக்கோ தசைநாண் உறைக்கோ அருகே காயம், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும். ஒரு சென்டிமீட்டர் துளை மூட்டுக்குள் போயிருந்தால் கிருமி உள்ளே போய்விட்டது என்று பொருள். சில மணி நேரத்துக்குள் கழுவப்படும் மூட்டுக்கும் மறுநாள் கழுவப்படும் மூட்டுக்கும் முடிவு வேறு.
- குளம்படியில் ஆணி. பிடுங்கத்தான் கை போகும். நிறுத்துங்கள். மருத்துவர் விரைவில் வரமுடியுமென்றால் ஆணி அங்கேயே இருக்கட்டும். எக்ஸ்ரேயில் அது எந்த எலும்பை, எந்தத் திரவப் பையைத் தொட்டிருக்கிறது என்று தெரியும். அதுவரை குதிரை அதன்மேல் மிதிக்காதபடி ஆணியைச் சுற்றித் தடிமனாகத் துணி கட்டுங்கள். மிதித்து இன்னும் உள்ளே போகும் என்றால் மட்டும் எடுக்கலாம். எடுக்குமுன் படம் பிடியுங்கள், துளையைச் சுற்றி மார்க்கரால் வட்டமிடுங்கள், போன ஆழத்தையும் சாய்வையும் குறித்துவையுங்கள், ஆணியையும் எறியாதீர்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று அட்டையைப் பார்த்துவிடுங்கள்.
- முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடல் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நிற்கிறது, திரும்ப மறுக்கிறது. லாமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசுவின் அழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்தாதீர்கள். குளம்பையும் அதற்கு மேல் காலின் கீழ்ப்பகுதியையும் பனிக்கட்டியும் தண்ணீரும் நிறைந்த பையில் வைத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.
- வேலைக்குப் பின் பின்பக்கத் தசைகள் கல்லாக இறுகி, வியர்த்து, காபி நிறத்தில் சிறுநீர் போகிறது. இது தசைச் சிதைவு. "நடந்தால் இளகும்" என்று ஒரு அடிகூட நடத்தக் கூடாது.
- குட்டி நொண்டுகிறது. "அம்மா மிதிச்சிருக்கும்" என்பதுதான் வழக்கமான சமாதானம். வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது மூட்டில் கிருமித்தொற்று என்றே நடந்துகொள்ளுங்கள்.
- கால் வேகமாக வீங்குகிறது, இரண்டு சிறு துளைகள் தெரிகின்றன அல்லது தெரியவில்லை. பஃப் ஆடர் என்ற விரியன் பாம்பு கடித்திருக்கலாம். இறுக்கிக் கட்டுவது, கீறுவது இரண்டும் தீங்கு.

இவை எதுவும் இல்லையென்றால் நான்கு விவரங்களை எழுதுங்கள். உடல் வெப்பம், ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடி, ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. ஈறின் நிறம், வெளிர் ரோஜா. வெளியே வலி தெரியாத குதிரையின் நாடி 60க்கு மேல் ஓடினால், அது தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று பொருள்.

காய்ச்சல் இருந்தால் கதை வேறு. உண்ணி கடித்து வரும் பிலியரி என்ற ரத்த நோய் இங்கே சாதாரணம். காய்ச்சல் 40 டிகிரியைத் தாண்டலாம், ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கும், குதிரை விறைத்து நடக்கும். காலைப் பிடித்துக்கொண்டு நாட்களை வீணாக்காமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கண்ணுக்கு மேலுள்ள குழி புடைத்தால் ஆப்பிரிக்கக் குதிரை நோயைச் சந்தேகியுங்கள். அது அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்.

குளம்பிலிருந்து தொடங்குங்கள், எப்போதும்

குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதி முட்டிக்குக் கீழே, அதிலும் குளம்பில்தான் இருக்கும். தோள்பட்டையைச் சந்தேகிப்பது எளிது, ஏனென்றால் தோள் அசைவதுதான் கண்ணில் படும். வலி அங்கே இருப்பது அபூர்வம்.

குளம்பை எடுத்துக் கரண்டியால் சுத்தமாகச் சுரண்டி, பிரஷ்ஷால் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் முக்கோணமாக இருக்கும் ஃப்ராக்கின் இரு பக்கக் குழிகள், அதன் நடுப்பிளவு, குளம்புச் சுவரும் அடித்தகடும் சேரும் வெள்ளைக் கோடு ஆகிய மூன்றிலும் கறுப்புப் புள்ளி, பிளவு, கெட்ட நாற்றம் உண்டா என்று தேடுங்கள். கடற்கரைப் பக்க ஈரத்தில் ஃப்ராக் அழுகுவது சாதாரணம். பின்பக்க நடுப்பிளவு ஒரு விரல் நுழையும் ஆழத்துக்குப் போயிருந்தால் அதுவே நொண்டவைக்கும்.

அடுத்து நாடி. குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் ஃபெட்லாக் மூட்டின் பின்புறத்தில் இரு பக்கமும், எலும்பு உருண்டு தெரியும் இடத்தில், இரண்டு விரலை மெதுவாக வைத்துக் காத்திருங்கள். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். நல்ல காலில் அது இருப்பதே தெரியாத அளவு மெல்லியது. விரலைத் தள்ளும்படி துடித்தால் அந்தக் குளம்புக்குள் அழற்சி. ஒரே காலில் என்றால் சீழ்க்கட்டி, அடிபட்ட அடித்தகடு, ஆணி நெருக்கம். இரண்டு முன்னங்காலிலும் என்றால் லாமினைட்டிஸ். இதை நொண்டாத நாளில் பழகிவைத்திருக்க வேண்டும். நொண்டும் நாளில்தான் முதல்முறை தொடுகிறீர்கள் என்றால் ஒப்பிட எதுவும் இருக்காது.

கடைசியாக லாடம் அடித்தது என்று? ஓரிரு நாளுக்குள் நொண்டல் தொடங்கியிருந்தால் ஏதோ ஒரு ஆணி உயிருள்ள பகுதிக்கு மிக அருகில் போயிருக்கும். லாடக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் அவரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, மெல்லிய சுவர் கொண்ட தரோபிரெட் குளம்பில் இடைவெளி அவ்வளவு குறைவு. மாறாக எட்டு வாரத்தைத் தாண்டி லாடம் மாற்றவில்லை என்றால் நுனி நீண்டு குதிகால் சரிந்திருக்கும். அந்தக் குளம்பை நேராக்காமல் ஸ்கேன் வரைக்கும் போவது பணத்தை முன்பின்னாகச் செலவழிப்பது.

கோடை மழையில் திடீரென்று, நேற்றுவரை நன்றாக இருந்த குதிரை மூன்று காலில் நிற்கிறது, நாடி துடிக்கிறது, காய்ச்சல் இல்லை. பெரும்பாலும் சீழ்க்கட்டி. வழியைத் திறப்பது மருத்துவர் அல்லது லாடக்காரர் வேலை. அடித்தகட்டை நீங்களே தோண்டாதீர்கள். ஆழமாகத் தோண்டினால் உள்சதை பிதுங்கி வெளியே வரும், அது ஆறச் சீழ்க்கட்டியைவிட அதிக நாள் ஆகும். திறந்த பிறகு ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கப் எப்சம் உப்பு கலந்து இருபது நிமிடம் குளம்பை முக்கி, துடைத்து, சூடான பவுல்டிஸ் (சீழை இழுக்கும் பற்று) வைத்து, அதன்மேல் குழந்தைகளின் டயப்பரை விரித்துக் குளம்பைச் சுற்றி, வெள்ளி நிற டக்ட் டேப்பால் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். டேப் குளம்போடு நிற்க வேண்டும். மேலே தோலில் ஏறி இறுக்கினால் விளிம்பில் ரத்த ஓட்டம் தடைபடும். தினம் ஒருமுறை மாற்றினால் போதும். மூன்று நாளுக்கு மேல் ஊறவைத்துக்கொண்டே இருந்தால் அடித்தகடு கூழாகிவிடும். சீழ் வெளியேறிய 48 மணி நேரத்துக்குள் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை, அல்லது ஆறியபின் அதே இடத்தில் மறுபடி வருகிறது என்றால் எக்ஸ்ரே எடுங்கள். குளம்பு எலும்புக்கே தொற்று போயிருக்கலாம்.

எந்தக் கால் என்று கண்டுபிடிப்பது

இதற்குக் கடினமான, சமமான தரை வேண்டும். முப்பது நாற்பது மீட்டர் தார் அல்லது சிமெண்டுப் பாதை. புல்லில் லேசான நொண்டல் மறைந்துவிடும். ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு தோள் பக்கம் ஓட வேண்டும். கயிறு அரை மீட்டருக்குமேல் தளர்வாக இருக்கட்டும். கயிற்றைக் குறுக்கிப் பிடித்தால் தலை ஆடாது, தலை ஆடாவிட்டால் நீங்கள் பார்க்க வந்தது போயிற்று. டிராட்டில் பாருங்கள். டிராட் என்பது மூலைக்கு மூலை இரண்டு கால்கள் சேர்ந்து சீராக விழும் ஓட்டம், அதில்தான் பேதம் எளிதில் பிடிபடும்.

முன்னங்கால் நொண்டினால் வலியுள்ள கால் தரையில் விழும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் விழும்போது தலை தாழும். தலை தாழ்வதையே கண்ணில் பிடியுங்கள், அந்த நேரம் எந்த முன்னங்கால் தரையில் இருக்கிறதோ அது நல்ல கால். பின்னங்கால் நொண்டலைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். இடுப்பின் இரு மேடுகளிலும் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டால் எளிது. எந்தப் பக்க மேடு அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கமே பெரும்பாலும் நொண்டும் பக்கம்.

அனுபவசாலிகளும் விழும் பள்ளம் ஒன்று இங்கே இருக்கிறது. இடது பின்னங்கால் வலித்தால், அந்தக் கால் விழும் நேரம் குதிரை பாரத்தை முன்னுக்குத் தள்ளத் தலையைத் தாழ்த்தும். டிராட்டில் இடது பின்னங்காலோடு சேர்ந்து விழுவது வலது முன்னங்கால். ஆக, வலது முன்னங்கால் நல்லது, இடது முன்னங்கால் நொண்டுகிறது என்று தோன்றும். அதனால் ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் நொண்டுவதுபோல் தெரிந்தால் பின்னங்காலை முதலில் சந்தேகியுங்கள். முன்னங்குளம்புக்கு மாதக்கணக்கில் விசேஷ லாடம் போட்டுக்கொண்டே வலி பின்முட்டியில் இருப்பது இப்படித்தான் நடக்கிறது.

நேராக ஓடும்போது தலை ஆடவில்லை, ஆனால் அடி குறுகி, கட்டாந்தரையில் முள்மேல் நடப்பதுபோல் வைக்கிறது என்றால் இரண்டு முன்னங்காலும் வலிக்கலாம். நீளக்கயிற்றில் பத்து மீட்டர் வட்டத்தில், இடப்புறமும் வலப்புறமும் ஓடவிடுங்கள். இடப்புறம் ஓடும்போது இடது காலும், வலப்புறம் ஓடும்போது வலது காலும் நொண்டினால் இரு பக்கமும் நோய். குளம்பு வலி கடினத் தரை வட்டத்தில் கூடும். தசைநாண், இணைநார் வலி மணல் போன்ற மென்தரையில் கூடும் வழக்கம். இது விதியல்ல, சாய்வு மட்டுமே.

இதையெல்லாம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முன்னிருந்து, பின்னிருந்து, பக்கத்திலிருந்து என ஒவ்வொன்றும் அரை நிமிடம், கேமராவை இடுப்பு உயரத்தில் அசைக்காமல் பிடித்து, முடிந்தால் மெதுவோட்ட முறையில். மருத்துவர் வரும் நாளில் குதிரை நன்றாக ஓடிக்காட்டுவது அடிக்கடி நடப்பது. அன்றைக்கு இந்தப் பதிவுதான் சாட்சி.

அளவையும் எழுதுங்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் 0 முதல் 5 வரை: 0 என்றால் எந்த நிலையிலும் நொண்டல் இல்லை. 1, எப்போதாவது தெரிகிறது, நிலையாக இல்லை. 2, நேர்ப்பாதையில் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் வட்டத்திலோ சரிவிலோ சவாரியிலோ எப்போதும் தெரிகிறது. 3, டிராட்டில் எந்த நிலையிலும் தெரிகிறது. 4, நடையிலேயே தெளிவு. 5, பாரம் தாங்கவே இல்லை. "கொஞ்சம் நொண்டுது" என்பதைவிட "வலது முன், 2, இடப்புற வட்டத்தில் தெரியவில்லை, வலப்புற வட்டத்தில் சிமெண்டில் 3" என்பது மருத்துவருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

லாயத்தில் வேலை பார்க்கும் க்ரூமையும் கேளுங்கள். காலையில் முதலில் குதிரையைப் பார்ப்பவர் அவர். எந்தப் பக்கம் படுத்து எழுந்தது, எந்தக் காலை ஓய்வாக மடக்கி நின்றது, தீனி மிச்சம் வைத்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பலர் ஜூலு பேசுபவர்கள். அவருக்கும் புரியும்படி கால்படம் வரைந்த ஒரு பலகையை லாயத்தில் மாட்டிவைத்து, சந்தேகப்படும் இடத்தில் அவரையே சாக்பீஸால் குறிக்கச் சொல்வது மிக நல்ல வழக்கம்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

அளவு 4, 5 என்றால் அன்றே மருத்துவர். 3 என்றால் மறுநாளுக்குள். 1, 2 என்றால், காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, தின்கிறது என்றால் ஐந்து நாள் சவாரியை நிறுத்திச் சிறிய பேடக்கில் (வேலியிட்ட திடலில்) வைத்துப் பார்க்கலாம். ஐந்தாம் நாள் அதே தரையில், அதே ஆளை வைத்து மறுபடி ஓட்டிப் பதிவு செய்யுங்கள். குறைந்திருந்தால் இன்னும் ஒரு வாரம். அப்படியே இருந்தால் அழைத்துவிடுங்கள். கூடியிருந்தால் காத்திருந்தது போதும்.

இந்த நாட்களில் வலிநிவாரணி வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பியூட் எனப்படும் ஃபினைல்பியூட்டசோன் வலியை மறைத்து, தேடலைக் குருடாக்குகிறது. வலி தெரியாத குதிரை விரிசல்விட்ட எலும்பின்மேல் துள்ளி ஓடி அதை இரண்டாக முறித்துக்கொள்ளவும் கூடும். கடும் வலியில் துடிக்கும் குதிரைக்கு மருந்து மறுப்பது பற்றிய பேச்சல்ல இது. அங்கே மருத்துவர் தொலைபேசியிலேயே சொல்வார், கொடுங்கள். கொடுத்திருந்தால் எப்போது, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள்.

மருந்தின் அளவைக் கண்ணால் கணிக்காதீர்கள். கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதினால் 500 கிலோ குதிரைக்கு 1.1 கிராம், 200 கிலோ போனிக்கு 440 மில்லிகிராம். "ஒரு கிராம் பாக்கெட்" இருவருக்கும் ஒன்றல்ல. வயிற்றுப்புண், பெருங்குடல் புண், சிறுநீரகச் சேதம் வருவது இந்தக் கணக்குப் பிழையாலும், இரண்டு வலிநிவாரணியைச் சேர்த்துக் கொடுப்பதாலும்தான். எடை தெரியாவிட்டால் தையல் டேப்பால் அளக்கலாம்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையிலான நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். எல்லாம் சென்டிமீட்டரில். 185 சுற்று, 160 நீளம் என்றால் ஏறத்தாழ 461 கிலோ.

மருத்துவர் வரும் நாள்

தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவக் குழுவில் பதிவுபெற்றவர் என்பது அடிப்படை. அதற்கும் மேலே குதிரைகளையே தொடர்ந்து பார்ப்பவராக இருப்பது நல்லது. சம்மர்வெல்ட் பயிற்சி மையம் இருக்கும் ஷோங்வேனி, ஹில்கிரெஸ்ட் வட்டாரத்தில் குதிரைத் தொழில் பழையது. அங்கே விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

அவர் தொட்டுப் பார்த்து, குளம்புக் கிடுக்கியால் அழுத்தி, மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே டிராட்டில் ஓடவிடுவார். மடக்கும் சோதனையில் வேலைசெய்யும் நல்ல குதிரைகளும் சில அடி நொண்டும். அதை மட்டும் வைத்து மூட்டில் ஊசி போடச் சம்மதிக்காதீர்கள்.

இடத்தை நிலைநாட்டுவது நரம்பு மரப்பு ஊசிதான். காலின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் குளம்பின் பின்பாதி, பத்து நிமிடத்துக்குள் மறுபடி ஓட்டம். நொண்டல் போய்விட்டால் வலி அங்கேதான். போகவில்லை என்றால் அடுத்த ஊசி சற்று மேலே. அவசரப்பட்டு மேலிருந்து தொடங்கினால் கால் முழுதும் மரத்து, எந்த இடம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும். நீண்ட நேரம் கழித்து ஓட்டினாலும் மருந்து மேலே பரவிக் குழப்பும். ஒரு காலை மரக்கவைத்ததும் நொண்டல் எதிர்க்காலுக்குத் தாவினால் வருந்தவேண்டாம், அதுவும் பதில்தான்: இரண்டிலும் நோய். முறிவு சந்தேகம் உள்ள காலில் மட்டும் இந்த ஊசி கூடாது.

இங்கே ஒரு நிபந்தனை: அன்று குதிரை தெளிவாக நொண்ட வேண்டும். அளவு 1 நொண்டலை மரப்பு ஊசியால் தேட முடியாது. அப்படியானால் மருத்துவர் மேற்பார்வையில் சில நாள் லேசான வேலை கொடுத்து நொண்டலைத் தெளிவாக்கி மறுபடி வருவது, குத்துமதிப்பாக எட்டு இடத்தில் எக்ஸ்ரே எடுப்பதைவிட மலிவு.

இடம் தெரிந்தபின் படம். எலும்புக்கு எக்ஸ்ரே, தசைநாணுக்கும் இணைநாருக்கும் அல்ட்ராசவுண்ட். முதல்நாள் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலே முறிவு இல்லை என்று ஆகாது. மயிரிழை விரிசல், விளிம்பில் எலும்பு கரைந்தபிறகே தெரியும். 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், அதுவரை குதிரை லாய அறைக்குள்ளேயே. பந்தயத்தில் ஓடிய குதிரைக்கு இது இரட்டிப்பு முக்கியம். மறுபக்கம், அப்படிப்பட்ட குதிரையின் படத்தில் பழைய எலும்புச் சில்லு, முடிச்சு எல்லாம் இருக்கும். படத்தில் தெரிவதெல்லாம் இன்றைய வலிக்குக் காரணமல்ல. மரப்பு ஊசி காட்டிய இடமும் படம் காட்டும் இடமும் ஒன்றாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன் என்றால் பிரிட்டோரியா பக்கம் ஒண்டர்ஸ்டபூர்ட் வரை பயணம் என்று பேச்சு வரலாம். நாட்டின் ஒரே கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான். வான் ரீனன்ஸ் கணவாய் ஏறி அறுநூறு கிலோமீட்டருக்குமேல் போவது குதிரைக்கும் வேலை. போகுமுன் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: "இந்த ஸ்கேனில் என்ன வந்தால் சிகிச்சை மாறும்?" மாறாது என்று பதில் வந்தால் பயணம் வேண்டாம். போவதென்றால் முன்னங்கால் அடிபட்ட குதிரையைப் பின்னோக்கியும், பின்னங்கால் அடிபட்டதை முன்னோக்கியும் நிறுத்துங்கள். பிரேக் போடும்போது பாரம் நல்ல கால்களுக்குப் போகும்.

நொண்டல் காலுக்குக் கால் மாறினால்: புல்லைப் பாருங்கள்

இந்த வாரம் இடது முன், அடுத்த வாரம் வலது பின், சில நாள் ஒன்றுமில்லை, முதுகைத் தொட்டால் சுருங்குகிறது, மெல்லும்போது தீனி விழுகிறது. இத்தகைய குதிரையை "நடிக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். நம் மாகாணத்தில் மேய்ச்சல் என்றாலே கிகுயு புல். அதில் ஆக்சலேட் இருக்கிறது. அது குடலிலேயே கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தை நிரப்பும். எலும்பு வலுவிழந்து, இடம் மாறும் நொண்டலாக வெளிப்படும். முற்றினால் முகத்து எலும்பு புடைத்துத் தலை பெருக்கும். செட்டாரியா புல்லிலும் இதே ஆபத்து.

இதில் ஏமாறும் இடம் ரத்தப் பரிசோதனை. எலும்பைக் கரைத்தாவது உடல் ரத்தத்தின் கால்சிய அளவைக் காப்பாற்றுவதால் முடிவு "சரியாக" வரும். ரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்தில் எடுத்துப் பாஸ்பரஸ் வெளியேற்றத்தைக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். தீனியில் கோதுமைத் தவிட்டை நிறுத்துங்கள், அதில் பாஸ்பரஸ் அதிகம், நோயைத் தூண்டும். மொத்தத் தீனியில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது, ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நல்லது. கிகுயுவில் மேய்கிற நேரத்தைக் குறைத்து டெஃப் அல்லது எரக்ராஸ்டிஸ் உலர்புல் போட்டு, லூசர்ன் (குதிரைமசால்) சேர்த்து, சுண்ணாம்புக்கல் தூளின் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். நொண்டல் சில வாரங்களில் குறையலாம், எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும். அதுவரை தாவல், வேக ஓட்டம் கூடாது.

கால் அல்லாத இடங்களையும் ஒருமுறை கணக்கில் எடுங்கள். சேணம் அழுத்துகிறதா, பல் கூராகி ஒரு பக்கம் கடிவாளத்தை எதிர்க்கிறதா என்று பாருங்கள். சவாரியில் மட்டும் நொண்டி, கயிற்றில் ஓடும்போது சரியாக இருந்தால் தேடல் அங்கே போக வேண்டும். கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் தள்ளாடினால் அது நொண்டல் அல்ல, நரம்பு மண்டலம். அந்தக் குதிரையின்மேல் யாரும் ஏறக் கூடாது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால்

மூன்று வழிதான் மிஞ்சும். ஒன்று, மேற்கொண்டு ஸ்கேன். இரண்டு, நாள் குறித்த ஓய்வு. மூன்று, மருத்துவர் சொல்லும் அளவில் ஒரு வாரமோ பத்து நாளோ வலிநிவாரணிச் சோதனை. இந்த மூன்றாவது, குதிரை ஒழுங்கீனமா வலியா என்று சந்தேகம் வரும்போது உதவும். மருந்தில் மாறினால் வலி. மாறாவிட்டால் வலியில்லை என்று நிரூபணமாகாது, சில வலிகள் அந்த மருந்துக்கு அடங்காது. பந்தயத்திலும் போட்டியிலும் மருந்துப் பரிசோதனை உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

ஓய்வு என்றால் தேதி வேண்டும். "சரியாகும்வரை" என்பது தேதியல்ல. ஆறு வாரம், பிறகு அதே பாதையில் மறுசோதனை என்று நாட்காட்டியில் எழுதுங்கள். லாய அறைக்குள் நிற்கும் குதிரைக்கு அடர்தீனியை முதல் நாளிலிருந்தே குறைத்து உலர்புல்லைக் கூட்டுங்கள். குறைக்காவிட்டால் வயிற்றுவலியும் லாமினைட்டிஸும் சேர்ந்து வரும். நல்ல காலையும் தினமும் பாருங்கள். பல வாரம் கூடுதல் பாரம் தாங்கும் எதிர்க்காலில் வரும் லாமினைட்டிஸ், முதல் நோயைவிடக் கொடியது.

சவாரிக்கு இனி உதவாது, ஆனால் மேய்ச்சலில் நிம்மதியாக நடக்கிறது, படுத்து எழுகிறது, மற்ற குதிரைகளோடு சேர்கிறது என்றால் ஓய்வளித்து வைத்திருப்பது நல்ல முடிவு. விற்பதாக இருந்தால் நொண்டல் பதிவு முழுவதையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். மருந்து கொடுத்து ஓடவிட்டு விற்பது அந்தக் குதிரைக்குச் செய்யும் துரோகம். தினமும் மருந்து கொடுத்தும் நடையிலேயே வலி தெரிந்து, படுத்தே கிடந்து, எடை இறங்கினால் கருணைக்கொலையை மருத்துவரோடு பேசத் தயங்காதீர்கள். பிள்ளைபோல வளர்த்த வீட்டில் இது பெரிய துக்கம். வலியோடு இன்னொரு குளிர்காலம் நிற்கவைப்பது அதைவிடப் பெரியது. பென்டோபார்பிட்டோன் ஊசியில் இறந்த உடலைத் திறந்தவெளியில் விடவே கூடாது. டிராக்கன்ஸ்பர்க் பக்கத்துப் பிணந்தின்னிக் கழுகுகளும் ஊர் நாய்களும் அதைத் தின்று சாகும். சில வலிநிவாரணிகளும் கழுகுக்கு நஞ்சு. ஆழப் புதைப்பதா எரிப்பதா என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

வேலைக்குத் திரும்புதல்

மறுசோதனையில் அளவு 0 வந்தபின்தான் தொடக்கம், மருந்து நிறுத்தி ஒரு வாரம் கழித்த 0. முதல் இரண்டு வாரம் கையில் பிடித்து நடை, நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி முப்பது வரை. அடுத்த இரண்டு வாரம் சவாரியில் நடை மட்டும். பிறகு நேர்ப்பாதையில் டிராட், முதலில் ஐந்து நிமிடம், வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டி. சிறு வட்டமும் கேன்டரும் (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) அதற்குப் பிறகு. தசைநாண் காயம் என்றால் இந்தக் காலங்கள் மாதங்களாக நீளும், அல்ட்ராசவுண்ட் பார்த்தே அடுத்த படி. ஒவ்வொரு ஞாயிறும் அதே சிமெண்டுப் பாதையில் ஒரு பதிவு. நொண்டல் திரும்பினால் ஒரு படி இறங்கி இரண்டு வாரம் அங்கேயே நிறுத்துங்கள். அதே படியில் இரண்டாம் முறையும் திரும்பினால் இறங்கி ஏறுவதை விட்டுவிட்டு, அத்தனை பதிவுகளையும் எடுத்துக்கொண்டு மரப்பு ஊசிக்கு மறுபடி நாள் குறியுங்கள். இந்த முறை நொண்டல் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து.